காப்ளர்: ஓர் அமெரிக்கப் பழப்பண்டத்தின் வரலாறு

காப்ளர் என்பது ஐக்கிய அமெரிக்காவில், சிறப்பாக அதன் தென் மாநிலங்களில், வீடுகளில் செய்யப்படும் இனிப்புப் பண்டமாகும். சர்க்கரை சேர்த்த பழத்துண்டுகளை ஆழமான பாத்திரத்தில் பரப்பி, மேலே மாவை இட்டு, மாவு பொன்னிறமாகும் வரை ஓவனில் வைத்து எடுப்பர். அடியில் மாவு இராது என்பதே பை என்ற பண்டத்திலிருந்து இதனைப் பிரித்துக்காட்டும் அடையாளமாக இன்று கூறப்படுகிறது. பழைய நூல்களைப் பார்த்தால் இவ்வரையறை பொருந்தவில்லை.

இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள், மாட்டுக்கொழுப்புச் சேர்த்துத் தாம் செய்துவந்த புட்டிங்கைப் புதிய நாட்டில் செய்ய வசதியின்றி, கிடைத்த பழத்தின் மேல் மாவைப் போட்டுச் சமைத்தனர் என்பது வழக்கமான தோற்றக் கதை. நியாயமான ஊகம்தான். ஆனால் பண்டத்தின் பெயராகக் காப்ளர் என்ற சொல் அச்சில் தெளிவாகத் தென்படுவது 19ஆம் நூற்றாண்டில்தான். 1839இல் வெளிவந்த லெட்டிஸ் பிரையனின் 'தி கென்டக்கி ஹவுஸ்வைஃப்' என்னும் சமையல் நூலில் பீச் பழக் காப்ளர் உள்ளது. அதில் பானையின் உட்புறத்தில் மாவு பரப்பப்படுகிறது. பழமும் பழுப்புச் சர்க்கரையும் நீரும் இட்டபின் மேலேயும் மாவு மூடப்படுகிறது. விருந்தினருக்கு வைக்கும் நாகரிகப் பண்டம் இதுவன்று, குடும்பத்தார் குளிர்ந்த பாலுடன் உண்ண மிக நன்று என்றும் அவர் குறிக்கிறார். 1859இல் பார்ட்லெட் வெளியிட்ட அமெரிக்கச் சொல்லகராதிப் பதிப்பும் தடித்த மாவு பரப்பிய பானையையே சொல்கிறது. பெயர் அப்படியே இருக்க, பண்டம்தான் மாறியிருக்கிறது.

சொல்லின் மூலம் பற்றி அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. மேலே திட்டுத் திட்டாகத் தெரியும் மாவு கல் பாவிய தெருவைப் போலிருப்பதால் வந்த பெயர் என்பர் சிலர்.

மாற்றத்துக்கு அடுப்பும் வேதியியலும் காரணம் எனலாம். தொடக்கத்தில் மூன்று கால்களும் விளிம்புள்ள மூடியும் கொண்ட இரும்புப் பாத்திரத்தைக் கணப்பில் வைத்து, மூடியின் மேலும் தணல் இட்டுச் சமைத்தனர். டச்சு ஓவன் எனப்படும் இதனை, பின்னர் மேற்குப் பகுதியில் மாடு ஓட்டிச் சென்றோரின் சமையல் வண்டிகளும் சுமந்தன. அங்கே காப்ளருக்கு உலர்ந்த பழமே போதும். வீடுகளிலோ இரும்பு அடுப்புகள் பரவின. 1856இல் ஹார்வர்டுப் பேராசிரியர் ஹார்ஸ்ஃபோர்டு பேக்கிங் பவுடருக்கான பாஸ்பேட் உப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஈஸ்டு இன்றியே உப்பும் மென்மையான மேல்மாவு இதனால் எளிதாயிற்று.

பீச் மரமும் அமெரிக்காவுக்கு உரியதன்று. சீனாவில் தோன்றிய இதனை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்தனர். பூர்வகுடி மக்கள் உள்நாடெங்கும் நட்டுப் பரப்பினர். 1870களில் ஜார்ஜியாவில் சாமுவேல் ரம்ஃப் உருவாக்கிய எல்பர்ட்டா வகை தொலைவூர்களுக்கு ஏற்றுமதியானது.

இவ்வரலாற்றில் பெரிய குறை ஒன்று உண்டு. தென் மாநிலப் பண்ணை வீடுகளில் அடுப்படியில் நின்றவர்களில் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள். எழுத்தறிவு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. எனவே நூல்களில் இருப்பது வீட்டு எசமானிகளின் பெயர். தென் கரோலினாவில் பிறந்து அடிமைநிலையிலிருந்து மீண்ட ஏபி ஃபிஷர், எழுதப் படிக்கத் தெரியாதவர். தாம் சொல்லப் பிறர் எழுத, 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் சமையல் நூல் வெளியிட்டார். அவரைப் போல் பெயர் பதிந்தவர் மிகச் சிலரே.

இன்று பலர் செய்யும் முறை இன்னும் எளியது. பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, மாவு, சர்க்கரை, பால் ஆகியவற்றைக் கோப்பைக்குக் கோப்பை சமமாகக் கலந்து ஊற்றுவர். மாவில் பேக்கிங் பவுடர் சேர்ந்திருக்க வேண்டும். பழத்தை மேலே இட்டுக் கிளறாமல் விட்டு, சுமார் 190 பாகை செல்சியசில் முக்கால் மணி நேரம் வைத்தால், அடியிலிருந்த மாவு உப்பிப் பழத்தைச் சூழ்ந்து மேலே வந்துவிடும். பிரையன் சொன்ன குளிர்ந்த பாலின் இடத்தில் இப்போது ஐஸ்கிரீம்.