மலைச்சரிவில் நடக்கும் பெக்கோ: நான்கு கால் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

எங்கள் ஊர்களில் மண் தோண்டும் இயந்திரம் எதுவானாலும் அதற்குப் பெயர் பெக்கோதான். சில்லில் ஓடுவது, சங்கிலியில் ஓடுவது என்று இரண்டு வகையைத்தான் பெரும்பாலானோர் கண்டிருப்பீர்கள். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அதற்கு நான்கு கால்கள். மனிதர் நான்கு காலில் தவழ்ந்து ஏறவேண்டிய சரிவிலும் அது ஏறி நின்று மண் அள்ளும்.

சுவிற்சர்லாந்தின் பேர்ண் மாநில மலைப்பகுதியில் ஓடைக்கட்டு, மண்சரிவுத் தடுப்பு வேலைகளைச் செய்யும் நிறுவனம் ஒன்றில் பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதல் ஆறு ஆண்டுகள் இந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கல் அடுக்கினேன். அதன் பிறகு பயிற்சி பெற்று அதனை இயக்குகிறேன். மலையகத்தில் மண்சரிவு என்று செய்தி வரும்போதெல்லாம், "உங்கட மெசின் இங்க இருந்திருந்தால் சனத்தைக் காப்பாற்றியிருக்கலாமோ?" என்று ஊரிலிருந்து உறவினர்கள் கேட்பார்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இயந்திரத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பிறந்த இடம்

ஜேர்மன் மொழியில் இதனை 'ஷ்றைற்பாகர்' என்பார்கள். அடியெடுத்து வைக்கும் தோண்டும் இயந்திரம் என்று பொருள். 1966 ஆம் ஆண்டளவில் சுவிற்சர்லாந்தில் மென்சியும், அயல்நாடான லீக்ரன்ஸ்ரைனில் கைசரும் இதனை உருவாக்கினார்கள். 'மென்சி முக்' என்ற வணிகப் பெயர் இங்கு அவ்வளவு பரவியிருப்பதால், வேறு நிறுவனத்தின் இயந்திரத்தைக்கூடப் பலர் 'மென்சி' என்றே அழைக்கிறார்கள். இத்தாலியிலும் இவ்வகை இயந்திரங்கள் தயாராகின்றன.

அல்ப்ஸ் மலையில் இது பிறந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே கிராமங்கள் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே செங்குத்தான காடு, அதற்கும் மேலே பாறை. மழைக்காலத்தில் ஓடைகள் கல்லையும் மரத்தையும் அடித்துக்கொண்டு வரும். அவற்றைத் தடுக்கும் கட்டுகளை மேலே போய்த்தான் கட்டவேண்டும். அங்கு பாதை இல்லை. பாதை வெட்டினால் அந்த வெட்டே புதிய சரிவுக்குக் காரணமாகிவிடும்.

உடலமைப்பு

மேற்பகுதி சாதாரண பெக்கோவைப் போன்றதுதான். இயக்குநரின் கூண்டு, டீசல் இயந்திரம், நீளும் கை, நுனியில் வாளி. இப்பகுதி முழுவதும் வட்டமாகச் சுழலும். வேறுபாடு கீழேதான் இருக்கிறது. நான்கு கால்களும் தனித்தனியே மேலும் கீழும் அசையும். உள்ளே ஒடுங்கும், வெளியே விரியும். அழுத்தமேற்றிய எண்ணெய்தான் இவற்றை அசைக்கிறது.

ஆரம்ப கால இயந்திரங்களில் இரண்டு கால்களில் சில்லும், மற்ற இரண்டில் நிலத்தில் ஊன்றும் பாதங்களும் இருந்தன. சில்லுகளுக்கு உந்துவிசை இல்லை. கையால் இழுத்தும் தள்ளியும்தான் இயந்திரம் நகரும். இப்போதைய பெரிய வகைகளில் நான்கு சில்லுகளும் தாமாக ஓடும். தேவைப்படும்போது நகம் போன்ற ஊன்றிகளையும் இறக்கலாம். எடை சிறிய வகையில் சில தொன்களும், பெரிய வகையில் 12 தொன்னுக்கு மேலும் இருக்கும்.

சரிவில் நிற்கும்போது மேற்பக்கக் கால்களை மடக்கி, கீழ்ப்பக்கக் கால்களை நீட்டுவோம். நிலம் சரிந்திருந்தாலும் கூண்டு மட்டமாக நிற்கும். வாய்க்காலின் இரு கரையிலும் கால்களை வைத்து, நடுவில் தோண்டவும் முடியும்.

ஏறுவதும் இறங்குவதும்

ஏறும்போது கையை மேல்நோக்கி நீட்டி, வாளியை மண்ணில் ஊன்றுவோம். பின்னர் கையை மடக்கினால் முழு இயந்திரமும் மேலே இழுபடும். கால்களை மீண்டும் ஊன்றிய பிறகே வாளியை எடுக்கலாம். இறங்கும்போது வயோதிபர் ஊன்றுகோலை முன்னே வைப்பதுபோல வாளியைக் கீழே ஊன்றி, எடையை அதில் தாங்கவைத்து மெதுவாக இறங்குவோம். வாளிதான் ஐந்தாவது கால்.

இங்கே பழகுநர்கள் முதலில் படிப்பது இதைத்தான்: ஒரே நேரத்தில் இரண்டு ஊன்றுகளை விடக்கூடாது. ஒன்றை எடுக்குமுன் மற்றவை உறுதியாக நிற்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அடுத்தது, நிறைந்த வாளியைச் சரிவின் கீழ்ப்பக்கமாக நீட்டிச் சுழற்றக்கூடாது. ஈர்ப்பு மையம் வெளியே போனால் இயந்திரம் கவிழும்.

45 பாகை வரையான சரிவில் வேலை செய்யலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் எந்த எண்ணும் மண்ணைவிடப் பெரிதல்ல. நனைந்த களிமண்ணில் அதைவிடக் குறைந்த சரிவும் ஆபத்தானது. மிகச் செங்குத்தான இடத்தில் இரும்பு வடத்தை மேலேயுள்ள உறுதியான மரத்திலோ பாறையிலோ கட்டி, வின்ச்சின் துணையோடுதான் இறங்குவோம். இயந்திரத்துக்கு நேர்கீழே எவரும் நிற்க அனுமதியில்லை.

எதற்குப் பயன்படுகிறது

ஓடைக்கட்டு, பனிச்சரிவுத் தடுப்பு வேலிக்கான அத்திவாரம், தொங்கூர்தித் தூண்கள், ரயில் பாதையோரச் சரிவு, புயலில் விழுந்த மரங்களை அகற்றுதல் ஆகியவை முக்கியமானவை. 1999 டிசம்பரில் 'லோதர்' புயல் அடித்தபோது சுவிற்சர்லாந்திலும் பெருமளவு காடு விழுந்தது. அப்படி மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சரிவில் வேறு இயந்திரம் புகுவது கடினம். ஆற்றிலும் இது இறங்கும். அங்கே கசிந்தாலும் மண்ணில் சிதைந்துபோகும் எண்ணெயைப் பயன்படுத்துகிறோம்.

சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 தொன் மென்சி இயந்திரம் ஒன்றைத் தானாக இயங்கச் செய்து, ஒழுங்கற்ற பாறைகளால் சாந்து இல்லாமலே 6 மீற்றர் உயரமும் 65 மீற்றர் நீளமும் கொண்ட சுவரைக் கட்டினார்கள். இந்த ஆய்வு 2023 இல் வெளியானது.

எங்கள் மலையில் இது உதவுமா?

மூன்று கட்டங்களாகப் பார்க்கவேண்டும். சரிவுக்கு முன்னர் என்றால், உதவும். நீர் வடிகால் வெட்டவும், தளர்ந்த பாறையை அகற்றவும், ஓடையை ஒழுங்குபடுத்தவும் பெரிய பாதை வெட்டாமல் மேலே போகலாம். சரிவுக்குப் பின்னர் அடைபட்ட ஓடையையும் வீதியையும் திறக்கவும் உதவும்.

ஆனால் மலை அசையும் நேரத்தில் எந்த இயந்திரத்தாலும் அதனைத் தாங்க முடியாது. ஆழத்திலிருந்து பெயரும் மண்ணை ஓடைக்கட்டு நிறுத்தாது. அந்த நேரத்தில் செய்யக்கூடியது மக்களை வெளியேற்றுவது மட்டுமே. 2025 மே மாதத்தில் வலே மாநிலத்தின் பிளாற்றன் கிராமத்தைப் பனிப்பாறையும் கற்களும் மூடின. ஏறத்தாழ 300 மக்களும் சில நாட்களுக்கு முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஊர் அழிந்தது, வெளியேற்றப்பட்ட மக்கள் தப்பினார்கள்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன்கள் மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. போவதற்குப் பாதுகாப்பான காணியும் வீடும் இல்லாதவரிடம் எச்சரிக்கையை மட்டும் கொடுத்து என்ன பயன்? ஆகவே உறவினர்களின் கேள்விக்கு என் பதில் இது: அங்கே இல்லாமற்போன முதல் பொருள் இயந்திரமல்ல, மாற்றுக் காணி.

நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரமும் கம்பமும், திடீரெனத் தோன்றும் அல்லது வற்றும் ஊற்று, கலங்கிவரும் நீர், பூட்டமுடியாமல் இறுகும் கதவு ஆகியவை மண் அசைவதன் அறிகுறிகள். மழை நேரத்தில் இவற்றைக் கண்டால் உடனே வெளியேறிவிட்டு, கிராம சேவகருக்கோ அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கோ அறிவியுங்கள்.

வடக்கு கிழக்கில் பெக்கோ ஓட்டும் தம்பிமாருக்கு

கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்தப்படாத நிலத்தில் வாளியை இறக்காதீர்கள். காணி உரிமையாளர் "பிரச்சினை இல்லை" என்று சொல்வது போதாது.

இன்னொன்று. 2023 ஜூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் மனித எச்சங்கள் வெளிப்பட்டது குடிநீர்க் குழாய்க்காக நிலத்தைத் தோண்டியபோதுதான். 2025 இல் செம்மணி சித்துப்பாத்தியிலும் கட்டுமான வேலைக்காகத் தோண்டியபோதே எச்சங்கள் தென்பட்டன. எலும்போ உடுப்போ கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே வாளியை நிறுத்துங்கள். தோண்டிய மண்ணை வேறிடத்துக்கு ஏற்றவிடாதீர்கள். மூடவும் வேண்டாம். பொலிசாருக்கு அறிவித்து, நீதிமன்றத்தின் மேற்பார்வை வரும்வரை அப்படியே விடுங்கள். அதன் பிறகு அங்கே நடப்பது கையாலும் தூரிகையாலும் செய்யும் அகழ்வு. எந்த ஆழத்தில், எந்த நிலையில், எதனோடு சேர்ந்து ஒருவர் கிடந்தார் என்பதுதான் அவரைத் தேடும் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய சாட்சியம். வாளி இன்னொரு முறை இறங்கினால் அது கலைந்துவிடும்.