கதிரவனும் கணக்கேடும்

காலையில் எழுந்ததும் கிழக்கு நோக்கிக் கைகூப்புதல் நம் மக்களிடம் நெடுங்காலமாக நிலவி வரும் வழக்கம். தைத் திங்களில் பொங்கலிட்டுப் படைக்கிறோம். ஞாயிறுதோறும் நோன்பு நோற்பாரும் உளர். தொழுவதைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், தொழுத கையால் அக்கதிரவனை அளந்து பார்த்தோமா? அவனிடம் வேலை வாங்கிப் பார்த்தோமா? உப்பளத்தில் உப்பு விளைத்தோம்; கருவாடும் வற்றலும் கொப்பரையும் உலர்த்தினோம். அதற்கப்பால் சென்றோமில்லை. சென்றவர் வேறு சிலர். அவர்தம் வரலாற்றையும், வென்ற பின்னரும் அவர்கள் தோற்ற காரணத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

பிரான்சு தேசத்தில் கணித ஆசிரியராயிருந்த அகுஸ்தின் மூஷோ என்பார், நிலக்கரி ஒரு நாள் தீர்ந்துவிடுமே, பின்னர்த் தொழிற்சாலைகள் என் செய்யும் எனக் கவலையுற்றார். கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, நீரைக் கொதிக்க வைத்து, அந்நீராவியால் யந்திரத்தை ஓட்டினார். 1878ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடந்த உலகக் கண்காட்சியில், அவர் வெயிலின் வெப்பத்தைக் கொண்டே பனிக்கட்டி செய்து காட்டினார். சுடும் வெயில் குளிர்ந்த கட்டியாயிற்று! நான்கு ஆண்டு கழித்து, அவருடைய துணைவர் ஆபெல் பீப்ர் என்பார் அதே நகரத்துப் பூங்காவொன்றில் சூரிய யந்திரத்தால் அச்சுப்பொறியை ஓட்டி, மணிக்கு ஏறத்தாழ 500 படிகள் வீதம் ஒரு பத்திரிகையை அச்சிட்டார். அன்று வானம் முற்றும் தெளிந்திருக்கவுமில்லை.

இம்முயற்சி ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. இந்தியாவிலும் நடந்தது. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராயிருந்த வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயர், மூஷோவின் வளைந்த கண்ணாடி விலையுயர்ந்தது என்று கண்டு, சிறு சிறு தட்டைக் கண்ணாடிகளை அரைவட்டமாக அடுக்கி நிறுத்தி, இரண்டரைக் குதிரைத்திறனுடைய நீரிறைக்கும் யந்திரத்தை ஓட்டினார். எட்டுக் கண்ணாடிகள் கொண்ட அடுப்பொன்றும் அமைத்தார். குளிர் மிகுந்த ஜனவரி மாதத்திலும் அவ்வடுப்பில் ஏழு சிப்பாய்களுக்குரிய இறைச்சியும் காய்கறியும் இரண்டு மணி நேரத்தில் வெந்தன. வெப்ப நாடுகளில் விறகுக்கும் கரிக்கும் பதிலாகச் சூரிய வெப்பத்தைக் கொள்ளலாம் என்று 1878இல் நூலும் வெளியிட்டார். அவர் ஏடும் எழுதுகோலுமாய்ப் பிழைத்த உத்தியோகஸ்தர். மேசைக்கு முன் அமர்ந்து நாள் கழிக்கும் நம்போன்றோர் இதனைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இனி, பலரும் அறியாத மற்றொரு பயன். இன்று சிலி நாட்டுக்குட்பட்ட பாலைவனத்தில், லாஸ் சலினாஸ் என்னுமிடத்துச் சுரங்கத்தில், கிணற்று நீர் குடிக்க இயலாத உவர்நீர். 1872இல் அங்கே தொட்டிகளை அமைத்து, அவற்றின்மீது கண்ணாடிக் கூரை சாய்த்தனர். வெயிலில் ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து நன்னீராய் வழிந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 22,000 லிட்டர் கிடைத்தது. கரியுமில்லை, விறகுமில்லை, பாலைவனத்தில் சுமை இழுத்த கோவேறு கழுதைகளின் தாகம் தணிந்தது.

இத்துணை வல்லமை கண்ட பின்னும் சூரிய யந்திரம் ஏன் பரவவில்லை? கதிரவன் தோற்றானா? இல்லை; கணக்கேட்டில் தோற்றான். இருப்புப்பாதை வளர, கரி மலிந்தது. மூஷோவின் யந்திரம் சிக்கனமானதன்று என்று பிரஞ்சு சர்க்கார் கைவிட்டது. ஆனால் அக்கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்றுண்டு. 1906ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் அதே பிரான்சில், கூரியேர் என்னும் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 1,099 பேர் மாண்டனர். அவ்வுயிர்கள் கரியின் விலையில் சேர்க்கப்பட்டனவா? அவ்வளவு தூரம் போவானேன்? சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கம் மலாயாவின் இரயிலுக்கும் மின்சாரத்துக்கும் கரி தந்தது. 1937இல் அங்குள்ள தொழிலாளர் நியாயமான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, போலீசும் படையும் அனுப்பப்பட்டன. மலிவு என்று நாம் சொல்லும் பொருளுக்குப் பின்னால், அதன் மிச்ச விலையை வேறு எவரோ கட்டிக் கொண்டிருக்கிறார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1913இல் மற்றொரு வாய்ப்பு வந்தது. பிராங்க் ஷூமன் என்னும் அமெரிக்கர், கெய்ரோவுக்குத் தெற்கே நைல் நதியோரம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 62 மீட்டர் நீளமுள்ள ஐந்து கண்ணாடித் தொட்டிகளை நிறுவி, நிமிடத்துக்குச் சுமார் 22,000 லிட்டர் நீரை வயலுக்கு இறைத்தார். எகிப்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியாயிருந்த கிச்சனர் பிரபு அதனைக் கண்டு வியந்து, சூடானில் பருத்தித் தோட்டத்துக்கு இடம் தர முன்வந்தார். கவனியுங்கள்: தோட்டம் யாருக்கு? பருத்தி எந்த நாட்டு ஆலைக்கு? உழவனின் தாகம் அன்று கணக்கில் முதல் வரியாக இருக்கவில்லை. 1914இல் பெரும்போர் மூண்டது, பணி நின்றது, 1918இல் ஷூமன் மறைந்தார். பின்னர் எண்ணெயின் காலம் வந்தது.

கண்ணாடியும் நீராவியும் விட்ட இடத்தைச் சிலிக்கன் பிடித்தது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தார், தம்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 6 பங்கை மின்சாரமாக்கும் தகட்டைச் செய்தனர். 1958இல் அது வான்வெளிக்குச் சென்ற வான்கார்ட் துணைக்கோளில் பணி செய்தது. 2010க்குப் பின் வந்த பத்தாண்டுகளில் தகட்டின் விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காயிற்று. நம் நாட்டுக்கு இதில் தனிப்பட்ட நன்மை ஒன்றுண்டு. குவிக்கும் கண்ணாடிக்கு நேர்க்கதிர் வேண்டும். மேகம் மூடினால் அது பயனற்றது. மின்தகடோ மேகத்தினூடே சிதறி வரும் ஒளியிலும் ஓரளவு வேலை செய்யும். சிங்கப்பூரின் தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல், 45 ஹெக்டேர் பரப்பில் 1,22,000 தகடுகள் மிதக்கின்றன. அவற்றுக்கு நிலம் வேண்டுவதில்லை. சூடேறினால் தகட்டின் திறன் குறையுமாதலின், நீரின் குளிர்ச்சியும் துணையாகிறது.

ஏழை வீட்டுக்குரிய பயனும் உண்டு. கலங்கலில்லாத நீரை நிறமற்ற பிளாஸ்டிக் போத்தலில் அடைத்து, முழு வெயிலில் 6 மணி நேரம், மேகமூட்டமாயின் இரண்டு நாள், கிடத்தி வைத்தால் நோய்க்கிருமிகள் மடியும். இதனைப் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 1980களில் விளக்கினர். ஆனால் மருந்தும் நஞ்சும் கலந்த நீரை வெயில் தூய்மையாக்காது. தோட்டப்புறத்தார் இதனை மறத்தலாகாது.

வரவைச் சொன்னோம், செலவையும் மறைக்காது சொல்வதே நேர்மை. இரவில் கதிரவன் இல்லை. சேமிக்க மின்கலம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். தரையில் தகடு விரித்தால் விளைநிலம் போகும். 25, 30 ஆண்டுகளில் தகடு பழுதாகிக் குப்பையாகும். இவற்றினும் கொடியது ஒன்று. தகட்டுக்குரிய சிலிக்கன் பெருமளவில் விளையும் சீனத்துச் சின்ஜியாங் மாநிலத்தில் உய்கூர் மக்கள் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சீன சர்க்கார் அதனை மறுக்கிறது. அமெரிக்காவோ, அங்கிருந்து வரும் பொருள்களைத் தடுக்கும் சட்டத்தை 2022 ஜூன் முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. கப்பலேறி வந்து, கடனுக்கும் கங்காணிக்கும் கட்டுண்டு, காட்டைத் தோட்டமாக்கியவர் வழிவந்த நாம், இச்செய்தியை அயலார் செய்தியெனத் தள்ளுதல் தகுமா?

ஆதலின், சூரிய சக்தி வேண்டாம் என்போமல்லோம், வேண்டும் என்போம். ஆனால் கூரைமீது தகடு ஏறும்போதெல்லாம், இதன் முழு விலை என்ன, அதனை யார் கட்டினார் என்று கேட்போம். கரியின் கணக்கில் மாண்டவரை எழுதாது விட்ட பழைய பிழை, வெயிலின் கணக்கிலும் நேரலாகாது. கதிரவன் சாதி பார்ப்பதில்லை. முதலாளி தொழிலாளி என்று பாராமல் எல்லார் மீதும் ஒளி வீசுகிறான். அவன் தரும் பயனும் அவ்வாறே எல்லாரையும் சேருமா என்பது கணக்கெழுதுவோர் கையிலும், அக்கணக்கைக் கேட்டு வாங்கும் மக்கள் கையிலும் இருக்கிறது. கைகூப்பியது போதும், இனிக் கணக்குக் கேட்போமாக.