நெல்லுக்கு வேலியிட்ட ஊரும் நிவாரணக் கிடங்கும்

இறைவனுக்கு அமுது படைக்க வேதசர்மா உலரவிட்ட நெல்லை மழைவெள்ளம் கொண்டுபோகாதவாறு சிவபெருமான் வேலியிட்டுக் காத்ததால் திருநெல்வேலி எனப் பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறும். நெல்வயல் வேலிபோல் சூழ்ந்த ஊர் என்றே ஊர்ப்பெயர் ஆய்வாளர் பொருள்கொள்வர் எனினும், தாமிரபரணிக் கரையில் நெல்லை விளைவிக்கும் மழையே சேர்த்த நெல்லுக்குப் பகையுமாகும் என்பதை மக்கள் உணர்ந்திருந்தமைக்கு அக்கதை சான்றாகும்.

வீட்டளவில் அவ்வுணர்வு குலுக்கையில் வெளிப்பட்டது. குலுக்கை என்பது மண்ணால் வனைந்த பெரிய தானியக் கலம். தரையீரம் ஏறாதபடி அதனைக் கற்களின்மீது நிறுத்தி, மேல்வாயை மண்ணும் சாணமும் இட்டு மெழுகியடைத்து, அடியிலுள்ள துளை வழியே வேண்டும்போது நெல்லைச் சரியவிட்டு எடுத்தனர். ஆற்றுக்குள்ளேயே அமைந்த குறுக்குத்துறை முருகன் கோயிலிலோ, வெள்ளம் ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வது வழக்கம். எப்போது, எவ்வளவு உயரத்துக்கு எடுத்துச் செல்வது என்பது பயிற்சி வகுப்பின்றியே அங்கே கைமாறி வந்துள்ளது.

1876–78 பஞ்சத்துக்குப் பின் கணக்கு மாறியது. 1880இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையம் அரசின் தானிய இருப்பைவிட இரயில்பாதையையும் வணிகத்தையும் நம்பியமையால், பண்டம் எங்கே பத்திரமாக இருக்கும் என்பதை விட எவ்வழியே வந்து சேரும் என்பதே முதற்கேள்வியாயிற்று. வறட்சிக்கு அது பொருந்தும். வழியே அறுந்துபோகும் வெள்ளத்துக்குப் பொருந்தாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது குளங்கள் உடைந்து சாலைகள் துண்டிக்கப்பட, ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் விரைவு வண்டியின் பயணிகளுக்கு ஹெலிகாப்டரில் உணவு அனுப்ப நேர்ந்தது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தையே நீர் சூழ்ந்தது.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் தொடங்கிய ஆப்த மித்ரா போன்ற தன்னார்வலர் பயிற்சிகளில் மீட்பும் முதலுதவியும் முன்னிற்கின்றன. நிவாரணக் கிடங்குக்கு இடம் தேர்வதற்கும் அவற்றுக்கு இணையான இடம் வேண்டும். மேடாக இருந்தால் போதும் என்று எண்ணுவது பிழை. எட்டு அணைக்கட்டுகளும் அவற்றின் கால்வாய்களும் குளங்களைத் தொடராகக் கோத்துள்ள இச்சமவெளியில், ஆற்றுநீர் எட்டாத கட்டடமும் ஏதோ ஒரு குளத்தின் மறுகாலுக்கு, அதாவது மிகுநீர் வெளியேறும் வழிக்கு, நேர்கீழே நிற்கக்கூடும். பாலம் மூழ்கினால் ஒரு கரையின் அரிசி மறுகரைக்கு உதவாது. ஆகவே இருப்பு இரு கரையிலும் வேண்டும். 1992 நவம்பர் வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறியலாம். 2023 வெள்ளத்தின் கறை எஞ்சியுள்ள சுவர்களிலோ, வெள்ளையடிப்பதற்கு முன் அதன் உயரத்தை அளந்து ஆண்டோடு பொறித்து வைத்தல் வேண்டும்.