குளியல் தொட்டி எதன் மேல் நிற்கிறது

வீட்டுக் குளியல் தொட்டி கால் வைத்ததும் முனகுவது இருபதாம் நூற்றாண்டில் வந்த தொல்லை. முந்தைய தொட்டிகளின் குறைகள் வேறு வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வசதியான வீடுகளில் இருந்தவை, தச்சர் செய்த மரப்பெட்டிக்குள் செம்பு, துத்தநாகம் அல்லது ஈயத் தகட்டை அடித்துப் பொருத்திய தொட்டிகள். தகடு மெல்லியதுதான், ஆனால் அடியும் பக்கமும் பலகையில் படிந்திருந்ததால் அது வளைய இடமில்லை. கெட்டுப்போனது மரம். கசிந்த நீர் பலகையில் ஊறி, மக்கி, பூச்சிக்கும் நாற்றத்துக்கும் இடம் கொடுத்தது. சாக்கடை வாயுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று 1870-களிலும் 80-களிலும் பரவலாக நம்பப்பட்டது. அதனால் சுகாதாரச் சீர்திருத்தக்காரர்கள் இந்தப் பெட்டிகளை உடைத்தெறியச் சொன்னார்கள். குழாயும் தொட்டியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தொட்டிக்கு அடியில் துடைப்பம் போய்வர வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்துக்கு வாகாக வந்து சேர்ந்தது கால் வைத்த வார்ப்பிரும்புத் தொட்டி. விஸ்கான்சின் மாநிலத்தின் ஷெபாய்கனில் பண்ணைக் கருவிகள் செய்துவந்த ஜான் மைக்கேல் கோலர், 1883-இல் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டும் இரும்புத் தொட்டி ஒன்றுக்கு எனாமல் பூசி, நான்கு கால்களைப் பொருத்தி, குளியல் தொட்டியாக விற்றார் என்பது கோலர் நிறுவனம் சொல்லிவரும் வரலாறு. விலை ஒரு பசுவும் 14 கோழிகளும் என்பது அதன் பின்னொட்டு. குளியல் தொட்டியின் பிறப்புக் கதைகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1842-இல் சின்சினாட்டியில்தான் அமெரிக்காவின் முதல் தொட்டி வந்தது என்று பத்திரிகையாளர் எச். எல். மென்கன் 1917-இல் வேடிக்கைக்காக எழுதிய கட்டுரையை ஊரே நம்பியது. அது முழுக்கக் கற்பனை என்று 1926-இல் அவரே எழுதிய பிறகும் நம்பியவர்கள் உண்டு.

எனாமல் பூசுவது உலையோடு மல்லுக்கட்டும் வேலை. வார்த்தெடுத்த தொட்டியைச் செந்தணலாகப் பழுக்கக் காய்ச்சி வெளியே இழுப்பார்கள். நீண்ட காம்புள்ள சல்லடையால் கண்ணாடிப் பொடியை அதன்மேல் தூவுவார்கள். பொடி பட்ட இடத்திலேயே உருகிப் படரும். சூடு தணிவதற்குள் தொட்டி மறுபடியும் உலைக்குள் போகும். ஒரே தொட்டி இப்படிப் பல முறை போய்வரும். வார்ப்பிரும்பில் எனாமலை நன்றாக ஒட்டவைக்கும் முறைகளைத் தேடியவர்களில் டெட்ராய்ட்டின் டேவிட் டன்பார் பியூக்கும் ஒருவர். 1899-இல் தமது குழாய்ச் சாமான் தொழிலை விற்றுவிட்டு அவர் இறங்கியது மோட்டார் தொழிலில். பியூக் கார் அவர் பெயரில் வந்ததுதான்.

வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்றின் எடை ஏறத்தாழ 150 கிலோ. அதோடு 150 லிட்டருக்கு மேல் தண்ணீர், குளிக்கும் ஆள் எல்லாம் சேர்ந்தால் நான்கு சிறு கால்கள் வழியாகத் தரையில் இறங்கும் பாரம் 350 கிலோவைத் தாண்டும். தளத்து மரச்சட்டங்கள் சில வீடுகளில் தொய்ந்தன. தொட்டி மட்டும் அசையவில்லை, ஒலிக்கவும் இல்லை. கனம் ஒரு காரணம். சாம்பல் வார்ப்பிரும்புக்குள் செதில் செதிலாகக் கிடக்கும் கிராஃபைட் அதிர்வை உறிஞ்சிவிடுவது இன்னொரு காரணம். கடைசல் இயந்திரங்களின் அடித்தளத்தை இன்றும் வார்ப்பிரும்பில் செய்வது இதற்காகத்தான். பழைய காலூன்றித் தொட்டி ஆடினால் கோளாறு காலில் இருக்கும். காடியில் செருகிய கால் தளர்ந்திருக்கும், முடுக்கிவிட்டால் போதும்.

1911-இல் கோலர் நிறுவனம், சுவரோடு சேர்த்துப் பதிக்கும் தொட்டியை முன்மறைப்புடன் ஒரே வார்ப்பாகக் கொண்டுவந்தது. மூன்று சுவர்களுக்கு நடுவே ஐந்தடித் தொட்டி என்பது மெல்ல மெல்ல அமெரிக்கக் குளியலறையின் அளவாகவே ஆகிவிட்டது. சீர்திருத்தக்காரர்கள் திறந்துவைத்த அடிப்பக்கம் மறுபடியும் மூடிக்கொண்டது. இரும்பு இருந்தவரை அதனால் கெடுதல் இல்லை. இரும்பு போனபோதுதான் உள்ளே இருந்த வெற்றிடம் பேச ஆரம்பித்தது.

முதலில் வந்தது எஃகுத் தகடு. ஃபோர்டு, கிரைஸ்லர் கார்களுக்கு உடல்பகுதி அடித்துக் கொடுத்த டெட்ராய்ட்டின் பிரிக்ஸ் நிறுவனம், 1930-களில் அதே அச்சழுத்த முறையில் எனாமல் பூசிய எஃகுக் குளியலறைச் சாமான்களைச் செய்தது. பியூக் தொட்டியிலிருந்து காருக்குப் போனார். பிரிக்ஸ் காரிலிருந்து தொட்டிக்கு வந்தது. எஃகுத் தொட்டியின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மாடிக்குத் தூக்கிச் செல்ல இரண்டு பேர் போதும். ஆனால் குழாயைத் திறந்தால் தகரக் கொட்டகைமேல் மழை பெய்த மாதிரி இரைச்சல். இதற்கு மருந்தாகத் தகட்டின் அடியில் தார் கலந்த அட்டையை ஒட்டும் வழக்கம் வந்தது. சத்தம் குறையக் காரணம், அட்டை சேர்க்கும் கனமும் அதிர்வை விழுங்கும் அதன் மென்மையும்.

அடுத்து வந்தவை ஃபைபர் கிளாஸும் அக்ரிலிக்கும். இரண்டும் 1930-களின் கண்டுபிடிப்புகள். குளியலறைக்குள் பெருவாரியாக நுழைந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் உறிஞ்சி இழுத்து வடிவமைக்கும்போது, அதிகம் இழுபடும் மூலைகளும் அடியும் மெலிந்துபோகும். அதை ஈடுகட்டப் பின்புறம் கண்ணாடி இழையும் ரெசினும் தெளிப்பார்கள். அந்தப் பூச்சில் சிக்கனம் பார்த்த தொட்டிதான் பிற்பாடு பேசும் தொட்டி. பிரிட்டனில் அடியில் ஒரு மரத்துகள் பலகையைப் பதித்து, இரும்புச் சட்டமும் திருகு கால்களும் வைத்தார்கள். கால்களின் பூட்டு நட்டு தளர்ந்தால் தொட்டி முனகும். நீர் புகுந்து பலகை உப்பினால் முனகலோடு நிற்காது.

சத்தத்தில் வகைகள் உண்டு. கால் வைத்ததும் ‘டப்’ என்று ஒலித்து, எடுத்ததும் மீண்டும் ஒலித்தால், அடிப்பக்கம் வெற்றிடத்தில் தொங்குகிறது. ‘கிரீச்’ என்றால் விளிம்பு மரத்திலோ சுவரிலோ உரசுகிறது. ஆள் ஏறாமலே வெந்நீர் விட்டதும் சடசடவென்றால் வெப்ப விரிவு. ஒன்றரை மீட்டர் அக்ரிலிக் தகடு 20 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும்; இரும்பு அதில் ஆறில் ஒரு பங்கு. கண்ணாடி இழைப் பூச்சு இந்த நீட்சியைக் குறைக்கும், முழுக்க அடக்காது. வெறும் சத்தம் என்று இதையெல்லாம் விட்டுவைப்பது நல்லதல்ல. ஒவ்வொரு குளியலிலும் தொட்டி அழுந்தி எழ, வடிகுழாய் மூட்டு தளரும், சுவரோரத்துச் சிலிக்கோன் பிரியும், கடைசியில் அடியில் கீறல் விழும்.

அமெரிக்கப் பிளம்பர்கள் கைக்கொண்ட தீர்வு சாந்துப் படுக்கை. முதலில் சுவரின் மரச்சட்டங்களில் ரசமட்டம் பார்த்து ஒரு தாங்குகட்டை அடிப்பார்கள். தொட்டியின் விளிம்பு அதில் உட்காரும். அடிப் பலகையில் பாலிதீன் தாளோ தார்த்தாளோ விரிப்பார்கள், மரம் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடாமலிருக்க. கெட்டியாகக் குழைத்த சிமெண்ட் சாந்தைச் சமமாகப் பரப்பாமல் சிறு சிறு குவியல்களாக வைப்பார்கள். தொட்டியை இறக்கி அழுத்தும்போது குவியல்கள் நசுங்கி, அடிவடிவத்துக்கு ஏற்ப விலகிக்கொடுக்கும். பரப்பிய சாந்துக்கு விலக இடமிருக்காது. விளிம்பு கட்டையைத் தொட்டதும் அழுத்துவதை நிறுத்த வேண்டும். சாந்து இறுகும்வரை யாரும் உள்ளே இறங்கக் கூடாது. ஜிப்சம் கலவை இந்த வேலைக்கு ஆகாது. ஈரம் பட்டால் அது பொடிந்துவிடும்.

ஏற்கெனவே பதித்துவிட்ட தொட்டிக்கு இவ்வளவு வசதி கிடையாது. முன்மறைப்பைக் கழற்றியோ பின்சுவரில் ஓட்டை போட்டோ கையை உள்ளே விட வேண்டும். உரசும் இடங்களில் ஆப்பும் கம்பளித் துண்டும் செருகுவது பழைய வழி. டப்பாவில் வரும் பாலியூரித்தேன் நுரை புதிய வழி, அவசரக்காரர்களைப் பழிவாங்கும் வழியும்கூட. நுரை உப்பும்போது வெறும் தொட்டியைத் தூக்கிவிடும். அதனால் தொட்டியில் நீர் நிரப்பிவிட்டு, குறைவாக உப்பும் நுரையை அடுக்கடுக்காக அடிக்க வேண்டும். இந்த நுரை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. ஒரேயடியாகத் திணித்தால் நடுப்பகுதி இறுகாமல் பிசுபிசுவென்று கிடக்கும். சுவரோரம் சிலிக்கோன் இடும்போதும் தொட்டியில் நீர் இருப்பது நல்லது. வெறும் தொட்டிக்கு இட்ட சிலிக்கோன் முதல் குளியலிலேயே இழுபடும்.

ஜெர்மனியில் கதை வேறு திசையில் போனது. அங்கே பலர் அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருப்பவர்கள். பிரச்சினை கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கும் சத்தம். கட்டடங்களின் ஒலித்தடுப்புக்கான டிஐஎன் 4109 தரநிலை, குழாய், தொட்டிச் சத்தம் அடுத்த வீட்டின் படுக்கையறையில் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அமெரிக்கச் சாந்துப் படுக்கை தொட்டியின் முனகலை அடக்கும், ஆனால் அதிர்வை நேராகத் தளத்துக்குக் கடத்திவிடும். ஆகவே ஜெர்மன் பிளம்பர் தொட்டியை எதையும் தொடவிடாமல் நிறுத்துகிறார். தொட்டி வடிவத்துக்கே வெட்டிய பாலிஸ்டைரீன் தாங்கி, அதன் கீழ் அதிர்வுதாங்கி விரிப்பு, விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே நுரைப்பட்டை. கால் வைத்த தொட்டியானால் ஒவ்வொரு காலுக்கும் ரப்பர். அந்தப் பட்டைக்கு மேல் ஓடு ஒட்டுபவர் ஒரே ஒரு இடத்தில் சாந்தை வழியவிட்டு, அது சுவரையும் தொட்டியையும் இணைத்துவிட்டால், சத்தம் அந்த வழியே கீழ்வீட்டுக்குப் போய்விடும்.