லாகோஸ்: எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை

லாகோஸ் என்றதும் நைஜீரியாவின் பெருநகரமே பலருக்கும் நினைவுக்கு வரும். நான் எழுத முற்படுவது அதனைப் பற்றியல்ல. போர்த்துக்கல் நாட்டின் தென்கரையில், அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்கியவாறு அமைந்துள்ள ஒரு சிறு துறைமுக நகரத்துக்கும் அதே பெயர்தான். போர்த்துக்கேயர் கதையை வரலாற்றுப் பாடத்தில் படித்த எமக்கு லிஸ்பனைத் தெரியும், கோவாவைத் தெரியும். லாகோஸ் அவ்வளவாகக் காதில் விழுந்ததில்லை. ஆனால் அந்தக் கப்பல்கள் முதன்முதலில் தென்திசை நோக்கிப் புறப்பட்ட துறைகளுள் இது முக்கியமானது.

ஃபாரோ விமானநிலையத்தில் சிறிய கார் ஒன்றை மூன்று நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். கருமபீடத்தில் நின்ற இளைஞர் 'ஷாவ்' என்று சொல்லித் திறப்பை நீட்டினார். தமிழகத்தார் வழங்கும் 'சாவி' பிறந்தது இச்சொல்லிலிருந்துதான். போர்த்துக்கேயரிடம் அரசையே பறிகொடுத்த யாழ்ப்பாணத்தவரோ இன்றுவரை 'திறப்பு' என்றே சொல்கிறோம். இதில் பெருமைகொள்ள அதிகம் இல்லை. கதிரை, சப்பாத்து, பாண், அலவாங்கு ஆகிய அனைத்தும் அவர்கள் விட்டுச்சென்ற சொற்களே.

ஃபாரோவிலிருந்து லாகோஸ் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். கடுகதிப் பாதையில் அறவிடப்பட்ட கட்டணம் 2025 ஜனவரியுடன் நீக்கப்பட்டுவிட்டது. இடப்பக்கமாக ஓட்டிப் பழகிய எனக்கு வலப்பக்க ஓட்டம் ஒரு மணி நேரத்தில் கைவந்தது. அப்பாதையின் பெயர் 'வியா டு இன்ஃபான்ட'. இளவரசரின் வழி என்பது பொருள். 'கடலோடி' என்று உலகம் அழைக்கும் ஹென்றி இளவரசரே அவர். மொரோக்கோவுக்கு அப்பால் எங்குமே கப்பலேறிச் சென்றிராத ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது வேடிக்கைதான். கடலோடியவர்கள் மற்றவர்கள். 1434இல் போஜதோர் முனையைக் கடந்து ஆபிரிக்கக் கரையின் கதவைத் திறந்த கில் இயானிஸ் இந்த லாகோஸ் நகரத்தவர் என்பர்.

பத்து ஆண்டுகளின் பின்னர், 1444 ஆகஸ்ட் 8ஆம் திகதி நிகழ்ந்ததே இந்நகரின் உண்மையான வரலாறு என்பேன். அரச இறைவரி அதிகாரியாயிருந்த லான்சரோட் என்பவரின் தலைமையில் ஆறு கப்பல்கள் இன்றைய மொரித்தானியாவின் கரையோரத் தீவுகளில் ஆள்பிடித்துத் திரும்பியிருந்தன. 235 பேர். அதிகாலையில் அவர்களைக் கரைக்கு இறக்கி, நகர வாயிலுக்கு வெளியே இருந்த வெளியில் நிறுத்தி, ஐந்து பங்காகப் பிரித்தனர். ஐந்தில் ஒரு பங்கு இளவரசருக்குரியது. குதிரைமீது அமர்ந்தவாறு அதனைப் பார்வையிட்ட அவருக்கு 46 பேர் கிடைத்தனர்.

இவ்விபரங்களை எமக்குத் தருபவர் அரச வரலாற்றாசிரியரான கோமிஸ் இயானிஸ் டி சுராரா. இளவரசரைப் புகழ்வதற்கென்றே எழுதியவர். ஆயினும் அந்தக் காலைப்பொழுதை எழுதும்போது அவருடைய பேனா தடுமாறுகிறது. தாயிடமிருந்து பிள்ளையையும், கணவனிடமிருந்து மனைவியையும் பிரித்ததையும், தாய்மார் பிள்ளைகளை அணைத்தபடி நிலத்தில் வீழ்ந்ததையும் அவர் மறைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஊரே திரண்டதையும் பதிந்திருக்கிறார். பிறகு, அவர்களின் ஆன்மாக்கள் இரட்சிக்கப்பட்டன என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்.

பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்த எனக்கு அந்தப் பதிவில் உறுத்துவது வேறொன்று. கப்பல் தலைவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. எண்ணிக்கை துல்லியமாக உள்ளது. ஆனால் அன்று பங்கிடப்பட்ட 235 பேரில் ஒருவரின் பெயரும் இல்லை. பிரிப்பதற்கு முன்பே ஒரு சிறுவனைத் தேவாலயம் ஒன்றுக்குக் காணிக்கையாக அனுப்பினர். அவன் பின்னாளில் பிரான்சிஸ்கன் சபைத் துறவியானான் என்கிறார் சுராரா. தமது மதத்தின் துறவியாகிவிட்ட அவனுக்குக்கூடப் பெயர் எழுதப்படவில்லை.

'அடிமைச் சந்தை' என்று காட்டப்படும் வளைவுகள் கொண்ட கட்டடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1444ஐக் கண்டதல்ல. 2016 முதல் அது அருங்காட்சியகமாக இயங்குகிறது. அதே சதுக்கத்தில், இளவரசரின் 500ஆவது நினைவாண்டான 1960இல், சர்வாதிகார ஆட்சி நாட்டிய அவரது சிலை அமர்ந்திருக்கிறது. சிலை பெரிது, அருங்காட்சியகம் சிறிது.

சற்று நடந்தால் இன்னொரு சிலை. ஜொவாவோ குட்டிலேரோ 1973இல் வடித்த செபஸ்தியான் மன்னன். காலடியில் தலைக்கவசத்தை வைத்துவிட்டு, எங்கே வந்தோம் என்று தெரியாமல் விழிக்கும் சிறுபிள்ளையைப் போன்ற தோற்றம். இச்சிலை முன்னே நெடுநேரம் நின்றேன். காரணம், 1560இல் பதிலாளுநர் கொன்ஸ்டன்டீனோ டி பிரகன்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்தது இந்த மன்னனின் பெயரால்தான். அப்போது செபஸ்தியானுக்கு வயது ஆறு! நல்லூரைத் தக்கவைக்க முடியாமல் அப்படை பின்வாங்கியது. மன்னாரில் கோட்டை கட்டி நிலைகொண்டது. பதினெட்டு ஆண்டுகளின் பின்னர் இந்த லாகோஸ் வழியாக மொரோக்கோவுக்குப் படையுடன் சென்ற செபஸ்தியான், அல்காசர் கிபீர் போரில் 24 வயதில் மடிந்தான். வாரிசு இல்லை. 1580இல் போர்த்துக்கேய முடி ஸ்பானிய மன்னரிடம் போயிற்று. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபோது, வெற்றிகொண்ட போர்த்துக்கேயருக்கே சொந்த மன்னன் இருக்கவில்லை.

பொன்முலாம் பூசிய மரச் செதுக்கல்கள் நிறைந்த புனித அந்தோனியார் தேவாலயத்தைப் பயணக் கைநூல்கள் எல்லாம் போற்றுகின்றன. அழகுதான். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

நகரத்தின் ஒடுங்கிய கல்வீதிகளில் காரை நிறுத்த இடமில்லை. மதிலுக்கு வெளியே நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் ஒன்றுண்டு. அந்த இடத்தின் பழைய பெயர் 'வால டா கஃபாரியா', அதாவது தொழுநோயாளர் விடுதிப் பள்ளத்தாக்கு. 2009இல் இத்தரிப்பிடத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது, பழைய குப்பைமேட்டினுள் 150க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஆண்கள், பெண்கள், குழந்தைகள். சிலர் கட்டப்பட்ட நிலையில் வீசப்பட்டவர்கள் போலக் கிடந்தனர். ஆபிரிக்க மரபுப்படி பலரின் பற்கள் அராவப்பட்டிருந்தன. 15ஆம் நூற்றாண்டு முதல் இங்கு இறக்கப்பட்ட அடிமைகளே இவர்கள் என்று ஆய்வாளர் முடிவுசெய்தனர். கொயிம்பிரா பல்கலைக்கழகத்தினர் அவ்வெலும்புகளை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். அவ்வெலும்புகளிலும் பெயர் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு.

தரிப்பிடம் திட்டமிட்டபடி கட்டிமுடிக்கப்பட்டது. அதன் மேல்தளத்தில் சிறு கோல்ஃப் திடல் ஒன்றும் அமைந்தது. புறப்படும் நாளில் காரை எடுக்கச் சென்றபோது, உல்லாசப் பயணிகளின் பிள்ளைகள் அங்கே பந்தை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தனர். புத்தளம் சிறாம்பியடியில் வாழும் காப்பிரி சமூகத்தவரை எண்ணிக்கொண்டேன். போர்த்துக்கேயரும் பின்வந்தோரும் கப்பலேற்றிக் கொணர்ந்த ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 'காப்பிரி' என்ற பெயரும் கொணர்ந்தவர்கள் இட்டதே.