சதுரங்கமும் பழங்கணக்கும்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் கதையை நீங்கள் அறிவீர்கள். 1799-ஆம் ஆண்டில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கும்பினியார், கோட்டையையும் தரைமட்டமாக்கினர். அவர்கள் ஏட்டில் அது முடிந்துபோன இடம். ஆனால் 1801-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரை, சில நாட்களிலேயே கோட்டையை மீண்டும் எழுப்பிவிட்டார். மார்ச்சு இறுதியில் தாக்கிய கும்பினிப் படை பேரிழப்புடன் பின்வாங்கியது. பெரிய பீரங்கிகள் வந்த பிறகே, மே மாதத்தில் கோட்டை வீழ்ந்தது. ஏட்டிலிருந்த கணக்கு பொய்யன்று; ஆனால் அது பழைய கோட்டையின் கணக்கு.

இதே படிப்பினையைச் சதுரங்கப் பலகையிலும் கண்டேன்.

பிறர் ஆடிய ஆட்டங்களைத் தொகுத்துக் கற்பது சதுரங்கத்தில் நெடுநாள் வழக்கம். 1966 முதல் பெல்கிரேடு நகரிலிருந்து, உலகின் சிறந்த ஆட்டங்களைத் திரட்டிய தொகுதிகள் வெளிவந்தன. 1987-இல் ஜெர்மனியில் தோன்றிய ‘செஸ்பேஸ்’ அவ்வேலையைக் கணினிக்கு மாற்றியது. இன்று இலட்சக்கணக்கான ஆட்டங்கள் உங்கள் விரல்நுனியில் உள்ளன. பலகையின் ஒரு நிலையைக் காட்டினால், அங்கே எந்த நகர்வை எத்தனை பேர் ஆடினர், வெள்ளை வென்றது எத்தனை, கறுப்பு வென்றது எத்தனை, சமனானது எத்தனை என்று கணினி நொடியில் சொல்லிவிடும்.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், மாணவன் ஒருவன் போட்டிக்கு ஆயத்தமானான். அவனுக்கு அக்கணக்கைக் காட்டி, “இந்த நகர்வுக்கு நூற்றுக்கு எழுபது வெற்றி, இதையே ஆடு” என்றேன்.

“ஐயா, எதிராளி வேறு விதமாக ஆடினால் நான் என்ன செய்வது?” என்று கேட்டான்.

“கணக்கு பொய் சொல்லாது, தம்பி” என்று அவன் வாயை அடைத்துவிட்டேன்.

போட்டியில் எதிராளி ஒன்பதாம் நகர்விலேயே வழிமாறினான். என் மாணவன் திகைத்தான், தோற்றான். ஊர் திரும்பிய பின் அக்கணக்கை மீண்டும் பிரித்துப் பார்த்தேன். மொத்தமே 10 ஆட்டங்கள்! வெற்றி பெற்ற 7-இலும் வென்றவர்கள் கைதேர்ந்தவர்கள், தோற்றவர்கள் புதியவர்கள். வெற்றி அந்த நகர்வினால் வந்ததன்று. ஆடியவர் திறத்தினால் வந்தது. பிழை கணக்கினுடையதன்று, அதைப் படிக்கத் தெரியாத ஆசிரியனுடையது.

இன்னும் ஒன்று கவனியுங்கள். முதலில் ஆடும் வெள்ளைக்குப் பொதுவாகவே நூற்றுக்கு 52 முதல் 56 வரை புள்ளிகள் கிடைக்கின்றன. ஆகவே வெள்ளைக்கு 53 என்று கண்டு மகிழ்வதில் பொருளில்லை. ஒரு நகர்வுக்கு இன்று தக்க மறுமொழி கண்டுபிடிக்கப்பட்டாலும், அது முன்பு ஈட்டிய வெற்றிகள் கணக்கில் அப்படியே நிற்கும்.

பெரியோர் இதை நன்கறிவர். 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் நம் விசுவநாதன் ஆனந்த், உலகப் பட்டத்துக்காக விளாதிமிர் கிராம்னிக்கை எதிர்த்தார். வெள்ளைக் காய்களுடன் பெரும்பாலும் அரசன் முன் நிற்கும் காலாளை நகர்த்தியே தொடங்கி வந்த ஆனந்த், அங்கே அரசி முன் நிற்கும் காலாளை நகர்த்தினார். அவருடைய பழைய ஆட்டங்களைப் படித்து வந்தவருக்கு அது எதிர்பாராத வழி. மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்களில் கறுப்புக் காய்களுடன், பலரும் செல்லாத ஒரு கிளைவழியில் இறங்கி இரண்டையும் வென்றார். முடிவில் ஆறரைக்கு நாலரை என்ற கணக்கில் பட்டத்தைக் காத்துக்கொண்டார். அவரும் கணினியைத் துணைக்கொண்டவரே. ஆயினும் கூட்டம் சென்ற தடத்தை அறிந்துகொள்ளவே அதைப் பயன்படுத்தினார், அத்தடத்திலேயே நடப்பதற்கன்று.

ஆதலால் மாணவர்களே, கணக்கைத் தள்ளாதீர்கள். அதனிடம் கேள்வி கேளுங்கள். எத்தனை ஆட்டங்கள்? ஆடியவர் யார்? எந்த ஆண்டில்? பிறகு அவற்றுள் நாலைந்து ஆட்டங்களையேனும் முழுவதும் பலகையில் ஆடிப் பாருங்கள். தோற்றவன் எங்கே தவறினான் என்பது அப்போதுதான் புலப்படும்.

“எதிராளி வேறு விதமாக ஆடினால்?” என்று அன்று அச்சிறுவன் கேட்டதே சரியான கேள்வி. அதற்கு விடை தேடுவதுதான் சதுரங்கம். அன்று அவனுக்குச் சொல்லத் தவறியதை, இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.