வெந்துபோன இரும்பு

தாமல்ல சின்ன வயசுல எனக்கு ரெண்டு இடம்தான். ஒண்ணு ஏரிக்கரை, இன்னொண்ணு கொல்லுப்பட்டறை. பட்டறை தாத்தா துருத்தி ஊதக் கொடுப்பார். ஒருநாள் ஆர்வக்கோளாறுல அரிவாள் வெள்ளையா தகதகக்குற வரைக்கும் ஊதிட்டேன். "போச்சு தம்பி, இரும்பு வெந்துபோச்சு"ன்னார். தண்ணியில முக்கித் தட்டினார், உடைஞ்சுது. உடைஞ்ச இடம் கல்லுப்பு மாதிரி மினுங்கிச்சு. நல்ல அரிவாள்னா உள்ளே மாவு மாதிரி இருக்கணுமாம்.

இஞ்சினியரிங் படிக்கும்போதுதான் அந்தக் கல்லுப்புக்கு அர்த்தம் புரிஞ்சது. உலோகம் ஒரே கட்டி இல்லை, கோடானுகோடி படிகக் குருணைகள். சூடு ஏற ஏற அந்தக் குருணைகள் பெருக்கும். உலோகம் வளையும்போது படிகத்துக்குள் இருக்கும் பிசகுகள் (டிஸ்லொகேஷன்) நகர்ந்து, குருணையின் எல்லையில் முட்டி நிற்கும். எங்க ஊர் ஏரிப் பாசனம் மாதிரிதான். பெரிய கழனின்னா தண்ணி மொத்தமா சேர்ந்து வரப்பை உடைக்கும். சின்னப் பாத்தின்னா அவ்வளவு சேராது, வரப்பும் தாங்கும். 1951இல் ஹால், 1953இல் பெட்ச் என்ற ரெண்டு பிரிட்டன் ஆய்வாளர்கள் இதைத் தனித்தனியா கணக்காக்கினார்கள். குருணையின் விட்டம் கால் பங்கானால், எல்லைகள் தரும் வலிமை இரண்டு மடங்கு. (பத்து இருபது நானோமீட்டர் அளவுக்குக் கீழே போனா இந்தக் கணக்கு தலைகீழ்!)

இதுல நம்ம கதையும் இருக்கு. நொய்யல் கரை கொடுமணலில் 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வில் இரும்பு உலைகள் கிடைத்தன. தென்னிந்திய உருக்கு 'வூட்ஸ்' என்ற பெயரில் ஐரோப்பா போச்சு. 1819இல் ஃபாரடே அதை ஆராய்ந்து, அலுமினாவும் சிலிக்காவும்தான் ரகசியம்னு நினைச்சார். ரகசியம் கலவையில் மட்டும் இல்லை, சூட்டிலும் இருந்தது. ஐரோப்பியக் கொல்லர்கள் என்னை மாதிரியே அதிகமா காய்ச்சினாங்க, அடிச்சதும் நொறுங்கிப்போச்சு. சூட்டை அடக்கி அடிச்சாதான் குருணை பெருக்காது, எல்லையில் வலை மாதிரி படிந்த கார்பைடும் உடைந்து பரவும்.

1970களில் ஸ்டான்ஃபோர்டில் ஷெர்பியும் வாட்ஸ்வொர்த்தும் கார்பன் மிகுந்த எஃகில் குருணையைப் பொடியாக்கினார்கள். சாதாரணமா உறுதி, சூட்டில் மிட்டாய் மாதிரி இழுபட்டது. அப்புறம்தான் தெரிஞ்சது, தங்கள் எஃகு வூட்ஸில் செய்த பழைய டமாஸ்கஸ் வாளுக்கு நெருங்கின சொந்தம்னு.

19ஆம் நூற்றாண்டோட வூட்ஸ் தொழில் அடங்கிப்போச்சு. கொல்லருக்குத் தெர்மாமீட்டர் நெருப்போட நிறம்தான், அதைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கலை. எங்க தாத்தாவும் இப்ப இல்லை, பட்டறையும் இல்லை. எந்த நிறத்துல ஊதுறதை நிறுத்தணும்னு நான் கேட்டு வைச்சுக்கவே இல்லை.

உங்க ஊர்ல உலை இன்னும் எரியுதா மக்களே? போய்க் கேட்டு ஒரு பதிவு போட்டுடுங்க.